இடுப்பில் துப்பாக்கி, கையில் ஆக்சிலேட்டர்

உரிமம் பெற்ற கைத்துப்பாக்கியைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போனால் வழியில் பயமில்லை என்ற எண்ணம் கொங்கு மண்டலத்தில் அண்மை ஆண்டுகளில் வலுத்திருக்கிறது. அதற்குக் காரணம் இருக்கிறது. 2024 நவம்பர் இறுதியில் பல்லடம் பக்கம் சேமலைக்கவுண்டம்பாளையத்தில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூவர் கொல்லப்பட்டார்கள். அடுத்த ஆண்டே ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே ஒரு முதிய தம்பதி தங்கள் தோட்டத்து வீட்டில் கொல்லப்பட்டார்கள். தனித்த தோட்டத்துச் சாளைகளில் குடியிருப்போருக்குத் துப்பாக்கி உரிமம் கொடுங்கள் என்ற கோரிக்கை அதன் பிறகு வெளிப்படையாகவே கேட்டது. கோவையை அடுத்த தொண்டாமுத்தூர் வட்டாரத்தில் இந்தக் கவலையோடு யானையும் சேர்ந்துகொள்கிறது. நரசீபுரம், ஆலாந்துறை, செம்மேடு பக்கத்துப் பாக்குத் தோப்புகளுக்கும் வாழைத் தோட்டங்களுக்கும் இரவில் மோட்டார் போடப் போகிறவர், போளுவாம்பட்டி வனச்சரகத்தை ஒட்டிய இட்டேரிப் பாதைகளில் தனியாகத்தான் வண்டி ஓட்டியாக வேண்டும்.

பயம் நியாயமானது. அதிலிருந்து எட்டப்படும் முடிவுதான் தவறு. மேலே சொன்ன கொலைகள் நடந்தவை குடியிருப்புகளில். வீட்டுப் பீரோவில் துப்பாக்கி இருந்திருந்தால் அவற்றைத் தடுத்திருக்குமா என்பது தனி விவாதம். அந்தச் சம்பவங்களைக் காட்டி, ஓடும் இருசக்கர வாகனத்தில் இடுப்பில் துப்பாக்கி வேண்டும் என்று வாதிடுவது, ஒரு வழக்கின் சாட்சியை இன்னொரு வழக்கில் நிறுத்துவதாகும். வீட்டில் நிற்பவருக்கு இரண்டு கையும் ஓய்வாக இருக்கின்றன, கால் தரையில் இருக்கிறது, முதுகுக்குச் சுவர் இருக்கிறது. வண்டி ஓட்டுபவருக்கு இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை.

யானையை முதலில் பார்த்துவிடலாம். அது எளிதில் முடிகிற விஷயம். இந்தியாவில் சாதாரணக் குடிமகனுக்கு உரிமம் கிடைக்கும் கைத்துப்பாக்கி பெரும்பாலும் .32 வகைதான். 9 எம்.எம். பாரபெல்லம் போன்றவை தடை செய்யப்பட்ட ரகத்தில் வருகின்றன. .32 பிஸ்டலின் தோட்டா குழலைவிட்டு வெளியேறும்போது அதன் ஆற்றல் சுமார் 170 ஜூல். ஆப்பிரிக்காவில் யானை வேட்டைக்குப் பயன்பட்ட .458 வகை ரைஃபிளில் அது ஏறத்தாழ 6,800 ஜூல். நாற்பதில் ஒரு பங்கு ஆற்றலை வைத்துக்கொண்டு நான்கு டன் எடையுள்ள ஒற்றைக் கொம்பனைத் தடுக்க முடியாது, காயப்படுத்தித்தான் விட முடியும். காயம்பட்ட யானை அன்றைக்குச் சுட்டவரை விட்டாலும், மறுநாள் அதே வழியில் பால் கேனோடு வருபவரை விடாது.

சுட வேண்டாம், சத்தத்துக்காவது ஆகும் என்பார்கள். பட்டாசுச் சத்தத்துக்கு ஆண்டுக்கணக்கில் பழகிய யானைகள் இவை. மேலே பார்த்துச் சுட்ட தோட்டாவும் எங்கோ ஓரிடத்தில் இறங்கத்தான் செய்யும். 2019ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத் திருத்தம், உயிருக்கு ஆபத்து நேரும்படி அலட்சியமாகச் சுடுவதற்கு இரண்டாண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கிறது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் யானை முதல் அட்டவணையில் இருக்கிறது. தற்காப்புக்காக நல்லெண்ணத்தோடு கொன்றால் குற்றமில்லை என்ற விலக்கு உண்டு. ஆனால் வண்டியைத் திருப்பிக்கொண்டு போக வழி இருந்ததா என்ற கேள்வி அங்கே தப்பாமல் எழும். பெரும்பாலான நேரங்களில் வழி இருந்திருக்கும். யானை முழு வேகத்தில் ஓடினாலும் மணிக்கு 25 கிலோமீட்டர் அளவுதான், பழைய டி.வி.எஸ். எக்செல் வண்டிகூட அதைத் தாண்டும். தூரத்திலேயே நிறுத்தி, ஹாரன் அடிக்காமல், ஆக்சிலேட்டரை முறுக்கிச் சத்தம் எழுப்பாமல் திரும்பிப் போவதைவிட நல்ல ஆயுதம் அந்த இட்டேரியில் கிடையாது. காட்டுப்பன்றி விஷயத்திலும் நிலைமை வேறல்ல. அரசு 2025இல் கொடுத்த அனுமதி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால், வனத்துறையினர் சுடுவதற்குத்தான். தோட்டக்காரரின் இடுப்பில் இருக்கும் துப்பாக்கிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கொள்ளையரைப் பற்றிய வாதம் இதைவிடக் கனமானது. பாக்கு வியாபாரியும் வாழை மண்டிக்காரரும் ரொக்கத்தோடு போகிறார்கள், வழிப்பறி நடக்கிறது, காவல்துறை வந்து சேர நேரமாகிறது என்பதெல்லாம் உண்மை. ஆனால் வழிப்பறி எப்படி நடக்கிறது? பின்னாலிருந்து இருவர் ஒரே வண்டியில் வருகிறார்கள். பக்கவாட்டில் நெருங்கி எட்டி உதைக்கிறார்கள், அல்லது பையையோ சங்கிலியையோ பிடித்து இழுக்கிறார்கள். சில நேரம் கண்ணில் மிளகாய்ப்பொடி. வண்டி ஓட்டுபவருக்கு ஆபத்து தெரிகிற முதல் கணமே அவர் கீழே விழுகிற கணம். துப்பாக்கியை எடுக்க அதற்கு முந்தைய கணம் ஒன்று வேண்டும். அந்தக் கணம் இந்தக் குற்றத்தின் அமைப்பிலேயே கிடையாது.

அப்படியொன்று கிடைத்ததாகவே வைத்துக்கொண்டாலும் கை கிடைக்காது. ஆக்சிலேட்டரும் முன்பிரேக்கும் வலது கையில் இருக்கின்றன. பின்பிரேக்கு வலது காலில். கிளட்ச் இடது கையில். துப்பாக்கியை எடுக்கும் கையும் பெரும்பாலானவர்களுக்கு வலதுதான். அந்தக் கையை எடுத்ததும் ஆக்சிலேட்டர் தானாக மூடிக்கொள்கிறது, வண்டி மெதுவாகிறது, விரட்டி வருபவன் எட்டிப் பிடிக்கிறான். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் கடக்கும். சட்டையைத் தூக்கி, உறையின் பட்டையை விடுவித்து, துப்பாக்கியை உருவித் திருப்ப நன்கு பயின்றவருக்கே இரண்டு மூன்று நொடி ஆகும் என்றால், முப்பது மீட்டர் தூரத்துக்கு வண்டி ஒரு கையில் ஓடுகிறது. பேரூர் சாலையின் வேகத்தடைகளையும் சிறுவாணி சாலையின் வளைவுகளையும் பகலிலேயே இரண்டு கையால் சமாளிக்க வேண்டியிருக்கிறது. அதற்கு மேல் ஹெல்மெட் பக்கப் பார்வையைக் குறைக்கிறது, கண்ணாடி அதிர்கிறது, குறி எதுவென்றே நிச்சயமில்லை. இந்த நிலையில் சுடப்படும் தோட்டா எதிரே வரும் டவுன் பஸ்ஸை நோக்கிப் போகாது என்று யாரால் சொல்ல முடியும்?

இனி, விழுவது. வழிப்பறிக்கு ஆளாகாமலே ஆயுள் முழுவதும் வண்டி ஓட்டுபவர்கள் கோடிக்கணக்கில் உண்டு. ஒருமுறைகூட விழாமல் ஓட்டியவர்கள் அரிது. 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 74,897 பேர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள், அதாவது நூற்றுக்கு 44 பேருக்கு மேல். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. ஆகவே வண்டியில் துப்பாக்கி வைத்திருப்பவர் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி, கொள்ளையன் வந்தால் என்ன ஆகும் என்பது அல்ல. இதோடு விழுந்தால் என்ன ஆகும் என்பதே.

துப்பாக்கியை உடலில் எங்கே வைத்தாலும் இந்தக் கேள்விக்குக் கெட்ட விடைதான் கிடைக்கிறது. முதுகுப் பக்கம் இடுப்பில் செருகினால், மல்லாந்து விழும்போது அரைக்கிலோவுக்கு மேலான இரும்புத் துண்டின் மீது தண்டுவடம் மோதும். முன்பக்கம் செருகினால், குனிந்து உட்காரும்போது குழல்வாய் அடிவயிற்றையும் தொடையின் பெரிய இரத்தக்குழாயையும் பார்த்திருக்கும். அந்தக் குழாய் அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போகலாம். பக்கவாட்டு இடுப்பில் வைத்தால், வண்டி சாயும்போது முதலில் தரையைத் தொடும் எலும்பு அதுதான். கணுக்காலில் கட்டினால் அந்தக் கால் வண்டிக்கு அடியில் சிக்கும். அக்குளுக்குக் கீழே கிடையாகத் தொங்கும் உறை சினிமாவில் எடுப்பாகத் தெரியலாம், ஆனால் குழல்வாய் பின்னோக்கி இருக்கும். பின்னால் உட்கார்ந்திருப்பவர் மனைவி. நடுவே பள்ளிக்கூடத்துக்குப் போகும் பிள்ளை.

வேட்டி கட்டியவர்களின் நிலை இன்னும் மோசம். கொங்குப் பகுதியில் பச்சை பெல்ட்டின் பையிலும் உள்டவுசரின் பையிலும் பணம் வைப்பது நெடுநாள் வழக்கம். பணத்துக்கு அது போதும். விசைவளையத்தை மூடாத, துணியால் ஆன எந்தப் பையும் துப்பாக்கிக்கு உறையாகாது. சாவியோ வேட்டி முனையோ விரலோ விசையில் சிக்கினால் போதும். அமெரிக்கக் கால்பந்து வீரர் பிளாக்ஸிகோ பர்ரஸ் 2008 நவம்பரில் நியூயார்க் கேளிக்கை விடுதி ஒன்றில், உறையில்லாமல் இடுப்பில் செருகியிருந்த பிஸ்டல் நழுவியபோது பிடிக்கப் போய்த் தன் தொடையிலேயே சுட்டுக்கொண்டார். நியூயார்க்கில் அதற்கு அவரிடம் உரிமம் இல்லாததால் இரண்டாண்டு சிறைத் தண்டனையும் வந்தது. அவர் நின்றுகொண்டிருந்தார், குண்டுகுழியான சாலையில் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கவில்லை.

கீழே விழுந்தால் துப்பாக்கி தானாக வெடிக்குமா என்பது பலரும் சிரித்துக் கடக்கும் கேள்வி. புதிய வடிவமைப்புகளில் விசையை இழுக்காதவரை ஊசி தோட்டாவைத் தொடாதபடி தடுப்பு இருக்கிறது. நம் நாட்டில் கைமாறி வரும் பழைய ரிவால்வர்கள் எல்லாவற்றிலும் அந்தத் தடுப்பு இருக்கும் என்று நம்ப முடியாது. சுத்தியல் நேரே தோட்டாவின் மேல் படிந்திருக்கும் அமைப்பில் சுத்தியல் பக்கமாகத் தரையில் மோதினால் வெடிக்கலாம். புதியவையும் முழுக்க விலக்கல்ல. உலகப் புகழ்பெற்ற சிக் சாவர் நிறுவனமே தன் பி320 பிஸ்டல் குறிப்பிட்ட கோணத்தில் விழுந்தால் வெடிப்பது தெரியவந்த பிறகு, 2017 ஆகஸ்டில் அதன் உள்ளுறுப்புகளை மாற்றித்தர முன்வந்தது. இந்தி நடிகர் கோவிந்தா 2024 அக்டோபர் 1ஆம் தேதி அதிகாலையில் மும்பை வீட்டில், உரிமம் பெற்ற தன் ரிவால்வரால் காலில் காயம்பட்டார். அலமாரியில் வைக்கப் போனபோது கை தவறியதாகச் சொல்லப்பட்டது. மருத்துவமனையில் தோட்டாவை எடுத்தார்கள்.

வண்டியில் துப்பாக்கி வேண்டும் என்பவர்கள் இங்கே தங்கள் வலுவான பதிலை வைக்கிறார்கள்: துப்பாக்கியின் அறையில் தோட்டா ஏற்றாமல் வைத்துக்கொண்டால் போதுமே. பிஸ்டலில் அது சரியான பாதுகாப்பு. ஆனால் அதைச் சுடத் தயாராக்க, மேற்பகுதியை ஒரு கையால் பிடித்துப் பின்னால் இழுக்க வேண்டும், மற்றொரு கை பிடியில் இருக்க வேண்டும். ஓடும் வண்டியில் அதற்குக் கை ஏது? ஏற்றி வைத்தால் ஓட்டுபவருக்கு ஆபத்து, ஏற்றாமல் வைத்தால் எவருக்கும் ஆபத்தில்லை, கொள்ளையன் உட்பட. ரிவால்வர்க்காரர்கள் மட்டும் இந்தப் பிடியிலிருந்து ஓரளவு நழுவுகிறார்கள். சுத்தியலுக்கு நேரான அறையை மட்டும் காலியாக விட்டால் விழுந்தாலும் வெடிக்காது, விசையை இழுத்தால் அடுத்த தோட்டா தானாக வந்து நிற்கும். இது உண்மையான வாதம், ஒப்புக்கொள்ள வேண்டும். கான்பூரில் 2014இல் வெளிவந்த 'நிர்பீக்' போன்ற சுமார் அரைக்கிலோ எடையுள்ள இலகு ரிவால்வர்கள் வந்த பிறகு இதற்கு மேலும் மவுசு கூடியது. ஆனால் இது தீர்ப்பது ஒரே ஒரு ஆபத்தைத்தான். விசை துணியில் சிக்குவதும், விழும்போது எலும்பு முறிவதும், மயங்கிக் கிடப்பவரின் இடுப்பிலிருந்து வேறொருவர் அதை எடுத்துப் போவதும் அப்படியே இருக்கின்றன. ஆக்சிலேட்டரில் இருக்கும் கை இன்னும் ஆக்சிலேட்டரில்தான் இருக்கிறது.

அதிகம் பேசப்படாத ஒன்று, கையாளும் தடவைகள். காலையில் ஏற்றி இரவில் இறக்குகிறவர் ஒரே தோட்டாவைத் திரும்பத் திரும்ப பிஸ்டலின் அறைக்குள் தள்ளுகிறார். ஒவ்வொரு தள்ளலிலும் ஈயமுனை உறைக்குள் சற்றே அமுங்குகிறது. நாளடைவில் வெடிமருந்துக்கான இடம் குறுகி, சுடும்போது அழுத்தம் அபாய அளவுக்கு ஏறக்கூடும். போதாததற்கு வியர்வை, வைகாசிப் புழுதி, தென்மேற்குப் பருவமழையின் சாரல். இடுப்பில் உடலோடு ஒட்டிக்கிடக்கும் இரும்பு சில வாரங்களில் துருவைக் காட்டும். தினமும் துடைத்து எண்ணெய் போடாதவரின் துப்பாக்கி, தேவைப்படும் அந்த ஒரு நாளில் வேலை செய்யும் என்பது வெறும் நம்பிக்கை.

போகிற இடங்களும் இந்தத் தடவைகளைக் கூட்டுகின்றன. பேரூர்க் கோயிலுக்கும் வங்கிக்கும் கல்யாண மண்டபத்துக்கும் நீதிமன்றத்துக்கும் துப்பாக்கியோடு நுழைய முடியாது. அப்போது அது எங்கே போகும்? ஸ்கூட்டர் டிக்கிக்குத்தான். வங்கி வாசலில் நிறுத்திய வண்டியின் டிக்கியைத் திறந்து பணத்தை எடுத்துப் போவது தமிழ்நாட்டில் பழகிப்போன திருட்டு முறை. ஒரு திருப்புளி போதும். பணம் போனால் பணத்தோடு போயிற்று. லட்ச ரூபாய்க்கு மேல் விலைபோகும் துப்பாக்கி போனால், அடுத்த வழிப்பறியில் அது யார் நெற்றியில் இருக்கும் என்பதற்கு உரிமதாரரும் பதில் சொல்ல வேண்டிவரும்.

பார்த்தாலே பயந்து ஓடிவிடுவான் என்ற வாதத்தைச் சட்டமே முறித்துவிடுகிறது. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, பொது இடத்தில் கைத்துப்பாக்கி கொண்டுபோவதென்றால் அதற்கென அமைந்த உறையில் உடலோடு பொருத்தியோ முதுகுப்பை போன்றதிலோ, முழுவதும் மூடி, உரியவரின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். அமெரிக்காவின் சில மாநிலங்களில் மறைத்து வைப்பது உரிமையாகப் பேசப்படுகிறது. இங்கே அது கடமை. பொது இடத்தில் வீசிக்காட்டினால் உரிமம் ரத்தாகலாம். ஆகக் கொள்ளையனுக்கு அது தெரியாது. தெரியாத துப்பாக்கி எப்படி அவனைத் தடுக்கும்? தெரிந்துவிட்டால், அதாவது ஊரில் எல்லோருக்கும் இன்னாரிடம் துப்பாக்கி இருக்கிறது என்று தெரிந்திருந்தால், அவன் முதலில் குறிவைப்பது அதைத்தான்.

சுட்ட பிறகு வருவது தனிக் கதை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைச் சொல்கின்றன. உரிமை உண்டு, ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது. காவல்துறையின் உதவியை நாட அவகாசம் இருந்தால் அந்த உரிமையே எழாது. சொத்தைக் காக்க உயிரைப் பறிக்கும் அளவுக்குப் போவது கொள்ளை, இரவு நேர வீடு புகுதல் போன்ற சில குற்றங்களுக்கு மட்டும் பொருந்தும். சங்கிலியைப் பறித்துக்கொண்டு ஓடுவது புதிய சட்டத்தில் 304ஆம் பிரிவின் கீழ் தனிக் குற்றம், தண்டனை மூன்றாண்டு வரை. உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ அஞ்ச நியாயமான காரணம் இருந்தாலன்றி அதற்காகக் கொல்லும் உரிமை கிடையாது. கொள்ளையே ஆனாலும், மிரட்டல் முடிந்து திருடன் வண்டியில் ஏறிப் போய்க்கொண்டிருக்கும்போது முதுகில் சுடுகிறவர் தற்காப்பைக் காட்டித் தப்புவது கடினம். விழுந்து எழுந்து துப்பாக்கியை எடுக்கிறவருக்கு எதிரே தெரியப்போவது பெரும்பாலும் அந்த முதுகுதான்.

உரிமத்துக்கு எல்லையும் உண்டு. தமிழ்நாட்டுக்கு மட்டும் செல்லுபடியாகும் உரிமத்தோடு வாளையாறு தாண்டிப் பாலக்காட்டு மண்டிக்குப் போனால், சரக்கு வாங்கப் போன பயணம் ஆயுதச் சட்ட வழக்காக மாறும். தேர்தல் அறிவிக்கப்பட்டதும் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வதும் வழக்கம். 2019, 2021, 2024 என்று வந்த தேர்தல்களில், அதை நம்பியே இரவில் போய்வந்தவர்கள் அது இல்லாமலும் அதே வழியில் போய்வந்தார்கள்.

உண்மையில் ஆபத்தைக் குறைப்பவை சுவாரசியமில்லாத காரியங்கள். மண்டிக்காரரிடம் ரொக்கத்துக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் கேட்பது. ரொக்கம்தான் என்றால் இருவராகக் காரில் போவது. தினமும் ஒரே நேரத்தில் ஒரே வழியில் போகாமல் இருப்பது. இரவு மோட்டாரை வீட்டிலிருந்தே கைப்பேசியால் போட்டு நிறுத்தும் ஸ்டார்ட்டரைப் பொருத்துவது. யானை இறங்கியிருக்கிறதா என்று பக்கத்துத் தோட்டக்காரரிடமும் வனக் காவலரிடமும் கேட்டுவிட்டுக் கிளம்புவது. கடைசி இரண்டும் ஒரு துப்பாக்கியின் விலையில் சிறு பங்குகூட ஆகாதவை.

உரிமதாரர் துப்பாக்கியோடு பயணம் செய்தே ஆக வேண்டிய நாட்கள் சில உண்டு: உரிமம் புதுப்பிக்க, காவல் நிலையத்தில் ஒப்படைக்க, பழுது பார்க்க, சுடுதளத்தில் பயில. அந்த நாட்களில் கார் சிறந்தது. இருசக்கர வாகனம்தான் என்றால் பின்னால் யாரையும் ஏற்றக் கூடாது. கிளம்புமுன் வீட்டிலேயே, குழல்வாயைப் பாதுகாப்பான பக்கம் திருப்பி, மேகசினைக் கழற்றி, அறையைக் கண்ணாலும் விரலாலும் பார்த்துக் காலி செய்ய வேண்டும். ரிவால்வரானால் உருளையை முழுக்கக் காலி செய்ய வேண்டும். பிறகு பூட்டும் வசதியுள்ள, உள்ளே பஞ்சு வைத்த பெட்டியில் துப்பாக்கியை வைத்து, அந்தப் பெட்டியை இரு தோளிலும் மாட்டும் முதுகுப்பையில், முதுகெலும்பை ஒட்டாமல், இடையே துணி இருக்கும்படி வைக்க வேண்டும். தோட்டாக்கள் தனிப் பெட்டியில். டேங்க் கவரிலும் பக்கப்பெட்டியிலும் டிக்கியிலும் வைக்கக் கூடாது. உரிமப் புத்தகம் சட்டைப் பையில் இருக்க வேண்டும். வழியில் டீக்கடையில்கூட நிற்காமல் நேராகப் போய், சேருமிடத்தில் உரிய அலுவலர் சொன்ன பிறகே பையைத் திறக்க வேண்டும்.